இங்ரிட்டின் தம்பி

திருடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு கயல் அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

சனிக்கிழமை. மொன்றியலின் வில்லரே பகுதியில் மூன்றாம் மாடி வீடு. சமையலறைத் தொட்டியில் அஜந்தா கணவாய் மீன் துப்புரவு செய்துகொண்டிருந்தாள். விரல்களெல்லாம் கறுப்பு மை. அந்த வீட்டின் பின்னறையில்தான் கயல் வாடகைக்கு இருக்கிறாள். திருப்பூர்ப் பெண். வீடியோ கேம் கம்பெனி ஒன்றில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. கதை எழுதும் பிரிவுக்கு மாறவேண்டும் என்று ஆசை. மேலதிகாரிதான் சொல்லியிருந்தார், "கதை எழுதணும்னா முதல்ல இந்த மாநாட்டுக்குப் போய்ட்டு வா" என்று.

"அதென்ன மாநாடு எண்டு சொன்னீர்? பேர் வாயில நிக்குதில்லை."

"லார்ப்புக்கா. நோர்டிக் லார்ப். நார்வே, டென்மார்க் பக்கத்து ஸ்டைல். ஒரு கதையில எல்லாரும் ஆளாளுக்கு ஒரு பாத்திரமா மாறி மணிக்கணக்கா வாழணும். பார்க்கறதுக்குன்னு யாரும் இருக்க மாட்டாங்க."

"ஆக்கள் பாக்காத நாடகமோ? அதுக்கு டிக்கட் வேற!" அஜந்தா வயிறு குலுங்கச் சிரித்தாள். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை அவளுக்கு. "எங்கட கார்டறிப் பிள்ளையள் நாள் முழுக்க அதைத்தான் சும்மா செய்யுதுகள். சரி, ஆறு மணிக்கு முதல் வந்திடும். சின்னவன் வாறான். ஒரே வீட்டில இவ்வளவு நாள் இருக்கிறீர், என்ர தம்பியை நீர் இன்னும் கண்டதில்லை."

சின்னவன் கியூபெக் சிட்டியில் வேலை செய்பவன். வந்தால் வார நாளில் வருவான். அப்போது கயல் ஆபீஸில் இருப்பாள். அவளுக்குத் தெரிந்த சின்னவன் நடைச்சுவரில் தொங்கும் புகைப்படம்தான். வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பையன்.

"கண்டிப்பா வந்துடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மாநாடு நகரின் மேற்கே நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், ஒரு பழைய தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் அக்னெஸ். டென்மார்க்காரி, நரைத்த குடுமி, ஆண்பிள்ளைச் செருப்பு. முதல்முறை வருபவர்களுக்கு ஒரு துணை உண்டு. கயலுக்கு வாய்த்த துணை அவள்.

"கேள், புதுப்பெண்ணே" என்றாள் ஆங்கிலத்தில், நடந்தபடியே. "மஞ்சள் கழுத்துப்பட்டி போட்டவர்களைப் படம் எடுக்காதே. வட்டமாக நின்று பேசினால் இன்னொருவர் நுழைய ஒரு இடைவெளி விட்டு நில். ஆட்டத்தின்போது உண்மைப் பெயர் கேட்காதே, சொல்லாதே. முக்கியமானது இதுதான்." நெற்றிக்குக் குறுக்கே கையை வைத்துக் கண்ணை மறைத்துக் காட்டினாள், வெயிலுக்குக் கை வைப்பது போல. "யாராவது இப்படிச் செய்தால் அவர் வெளியே போகிறார் என்று அர்த்தம். ஏன் என்று கேட்கக்கூடாது. பின்னால் போகக்கூடாது. அவர் அங்கே இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்."

"அழுதுட்டே போனாக்கூடவா?"

"அழுதுகொண்டு போனால் இன்னும் கட்டாயமாக."

நல்ல ஊராக இருக்கிறதே என்று கயல் நினைத்துக்கொண்டாள். திருப்பூரில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தால் பின்னாலேயே ஏழு பேர் போவார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு அவள் சேர்ந்த ஆட்டம் இதுதான்: வடகடலில் ஒரு தீவு. மீன்பிடிக் குடும்பம். தகப்பன் செத்துப்போய்ப் பிள்ளைகள் சொந்தபந்தம் எல்லாம் வீட்டில் கூடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் யாருக்கும் சொல்லாத ரகசியம் ஒன்று. எட்டுப் பேர். கயலுக்கு மூத்த மகள் வேடம், பெயர் இங்ரிட். தம்பி ஓலாவ் வேடத்தில் எதிரே வந்து நின்றவன் கம்பளித் தொப்பியும் தாடியுமாக ஒரு மாநிறத்து இளைஞன். மாநாட்டுப் பெயரட்டையில் வெறுமனே 'கெர்ட்'. பிரெஞ்சு மூக்கோடு ஆங்கிலம் பேசினான். மொரீஷியஸா, ஹெயிட்டியா? கேட்கக்கூடாது. கேட்கவில்லை.

"ஆட்டம் தொடங்குமுன் உங்கள் பாத்திரத்தின் ரகசியத்தை யோசித்து வையுங்கள்" என்றாள் அக்னெஸ். "புத்தகத்து ரகசியம் வேண்டாம். உங்களுக்குள்ளிருந்து எடுங்கள். மணமும் உப்பும் இருக்கட்டும்."

கயல் தனக்குள் தேடிப் பார்த்தாள். என்ன இருந்தது அங்கே? ப்ளஸ் டூ மார்க். என்ஜினியரிங். விசா நேர்காணல். அப்பா திருப்பூரில் திடமாக இருக்கிறார், தினமும் குட்மார்னிங் படம் அனுப்புகிறார். அவள் வாழ்க்கையில் ரகசியம் என்று சொல்ல ஒரு காதல்கூட உருப்படியாக இல்லை. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் கண்ணை மூடி உதட்டைக் கடித்து ஏதோ பெரிய பெரிய துக்கங்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஆம், பொறாமைதான்.

அப்போதுதான் அது வந்தது.

பனிப்புயலில் மின்சாரம் போன ஒரு ஜனவரிப் பின்மதியம். மெழுகுவர்த்தி. போர்வைக்குள் காலை மடக்கிக்கொண்டு அஜந்தா சொன்னது. கனடாவுக்கு வந்த புதிதில், ரெஸ்டோரன்ட் ஒன்றில் கோப்பை கழுவிய காலத்தில், கூட வேலை செய்தவர்கள் அவளுக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். அவள் பிறந்து முதன்முதலாக வெட்டிய கேக். ஊரில் அப்பா ஆஸ்பத்திரியில். கேக் வெட்டும் நேரம் போன் அடித்தது. ஊர் நம்பர். அங்கே விடியாத நேரம். அந்த நேரத்துப் போன் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். எடுக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்து, கிரீம் துடைத்த கடுதாசியை அதன்மேல் போட்டு மூடினாள். போன் நின்றது, திரும்ப அடித்தது. அவள் ஆடினாள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டச் சொல்லி ஆடினாள்.

அடுத்த நாள் அம்மாவிடம் சொன்னது, போனில் சார்ஜ் இல்லை என்று.

"ஒருத்தருக்கும் தெரியாது, பிள்ளை. அம்மாக்குத் தெரியாது. சின்னவனுக்குத் தெரிஞ்சால் அவன்ர முகத்தில நான் முழிக்கேலாது. உம்மட்ட ஏன் சொன்னன் எண்டே தெரியேல்லை."

ஏன் சொன்னாள் என்று கயலுக்குத் தெரியும். கயல் யாழ்ப்பாணத்தாள் இல்லை. சொந்தம் இல்லை. அந்தக் கதை அவளிடமிருந்து போய்ச்சேர ஊர் ஒன்று கிடையாது.

இங்கேயும் தமிழர் யாருமில்லை. இங்ரிட்டுக்குக் கொடுத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு மத்தியானம். அவ்வளவுதானே.

ஆட்டம் தொடங்கியது. விளக்கைக் குறைத்தார்கள். நீளமேஜை, ரொட்டி, கறுப்புத் துணி போட்ட வெற்று நாற்காலி. முதல் பாதி முழுக்க கயல் கல்லாகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஓலாவ்தான் இழுத்துப் பேசவைத்தான். 'இங்ரிட், நீ ஏன் வரவில்லை? அப்பா உன்னைத்தானே கேட்டார்?' என்று அவன் சும்மா, கதைக்காகக் கேட்டான்.

கயல் வாயைத் திறந்தாள். திறந்ததும் எல்லாம் வந்தது. கேக். கவிழ்த்த போன். கடுதாசி. ஆட்டம். தானாக எழுதினால் வராத கனத்தோடு வந்தது. குரல் நடுங்கியது, அந்த நடுக்கத்தை அவள் ரசித்தாள் என்பதுதான் பின்னால் அவளைக் கொன்றது. மேஜையில் ரொட்டி மெல்லும் சத்தம் நின்றுபோயிற்று.

ஓலாவ் முகத்தில் ஏதோ மாறியது.

"போன் எத்தனை தரம் அடித்தது?" என்று கேட்டான்.

"நின்றது. திரும்ப அடித்தது. திரும்பத் திரும்ப. அடிக்கிறவர்களுக்குக் கை வலிக்காதா என்று நினைத்தேன்."

"அடுத்த நாள் வீட்டில் என்ன சொன்னாய்?"

அவள் பதில் சொல்லுமுன் அவனே சொன்னான், மிக மெல்ல: "போனில் சார்ஜ் இல்லை என்று."

அடேயப்பா, எப்படிப் பிடித்தான்! கயலுக்குப் புல்லரித்தது. என்ன கற்பனை, என்ன வேகம்! "ஆமாம்" என்றாள், கண்ணீரோடு.

ஓலாவ் எழுந்தான். நெற்றிக்குக் குறுக்கே கையை வைத்தான். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விதி. கயலும் பார்க்கவில்லை. மூலையிலிருந்த அக்னெஸ் அவளுக்கு மட்டும் தெரியும்படி தலையசைத்தாள். ஆட்டம் முடிந்து விளக்கு எரிந்தபோது எல்லோரும் ஒருவருக்கொருவர் கை தட்டிக்கொண்டார்கள். அவளைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்கள். பெரிய கம்பெனிக் கதாசிரியை ஒருத்தி வந்து, "முதல்முறையா நீ? நம்பவே முடியவில்லை" என்று தோளை அழுத்தினாள். கயல் நின்ற இடத்தில் ஒரு சாண் உயர்ந்திருந்தாள்.

ஆட்டத்துக்குப் பின் வேடம் கழற்றும் சடங்கு ஒன்று உண்டு. வட்டமாக உட்கார்ந்து, பாத்திரத்தின் பெயர்ப்பட்டையைக் கழற்றித் தரையில் வைத்து, சொந்தப் பெயரைச் சொல்லி, இன்று பேசியதில் எது தன்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எல்லோரும் உட்காரும்போது ஓலாவும் திரும்பி வந்தான். தொப்பியைக் கழற்றியிருந்தான். முகம் கழுவித் தலையை ஈரக்கையால் படிய வாரியிருந்தான்.

அந்தப் படிந்த தலையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று கயல் யோசிப்பதற்குள் அவன் முறை வந்தது.

'ஓலாவ்' என்ற பட்டையைத் தரையில் வைத்தான். பிரெஞ்சில் ஏதோ தொடங்கி, நிறுத்தினான். நேராக அவளைப் பார்த்தான்.

"என்ர பேர் கீர்த்திகன்" என்றான். தமிழில். "மொன்றியலில எனக்கு ஒரு அக்கா இருக்கிறா. வில்லரேல. கார்டறியில வேலை. ஊரில போன் அடிச்ச அண்டைக்கு அவவின்ர போனில சார்ஜ் இல்லையாம். இண்டைக்கு வரைக்கும் அப்பிடித்தான் எனக்குத் தெரியும்."

வட்டத்தில் யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. ஆனால் ஒருவன் தாய்மொழிக்குத் திரும்பிவிட்டான் என்பது புரிந்தது; உருகிப்போனார்கள். அக்னெஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

நடைச்சுவரில் தொங்கும் படத்துத் தலை அது. சின்னவன்.

"அடுத்து நீ" என்றாள் அக்னெஸ் கனிவாக. "இங்ரிட்டின் ரகசியம் எங்கிருந்து வந்தது? அது உன்னுடையதா?"

ஒரே ஒரு வார்த்தை. இல்லை என்று சொன்னால் போதும். கேட்டுக்கொண்டிருப்பவன் எல்லாம் தெரிந்தவன். பெரிய கம்பெனிக்காரி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என் பெயர் கயல்" என்றாள். "அது... கற்பனை. சும்மா தோன்றியது."

சொன்ன அந்த நொடியிலேயே கன்னம் இரண்டும் தீப்பிடித்தன. கீர்த்திகன் எழுந்தான். கையை நெற்றிக்குக் கொண்டுபோய், கண்ணை மறைத்து, போனான்.

கயல் பாதி எழுந்துவிட்டாள். அக்னெஸ் அவள் முழங்கையைப் பிடித்தாள். "வேண்டாம். விதி."

உட்கார்ந்தாள். எவ்வளவு வசதியான விதி! போகாதே என்று ஒருவர் சொல்ல, போகாமல் இருக்க முடிந்தது. இன்னும் இரண்டு பேர் பட்டை கழற்றும்வரை அந்த வசதியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் நினைவு வந்தது. கணவாய்க் கறி. ஆறு மணி. அவன் இங்கிருந்து நேரே எங்கே போவான்?

கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வாந்தோம் மெட்ரோவில் ஆரஞ்சு லைன் நடைமேடையின் கடைசியில் நின்றிருந்தான். ஒரு ரயில் வந்து போயிற்று, அவன் ஏறவில்லை.

"கீர்த்திகன்..." மூச்சு வாங்கியது.

"நீங்கள்தானே அக்காட வீட்டில இருக்கிற திருப்பூர்ப் பிள்ளை?"

"ஆமாங்க."

"அக்கா போனில எப்பவும் உங்களைப் பற்றித்தான். கயல் நல்லவா, கயல் வாய் திறக்காதவா."

அடித்திருந்தால் தேவலை.

"தப்புதாங்க. பெரிய தப்பு. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுட்டேன். ப்ளீஸ், அக்காகிட்ட மட்டும் இதைக் கேக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா உங்க மூஞ்சியில முழிக்க முடியாதுன்னு சொன்னாங்க. உடைஞ்சு போயிருவாங்க."

அவன் சிரித்தான். சிரிப்பே இல்லாத சிரிப்பு.

"இத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால நீங்கள் சொல்லலாம். நான் என்ர அக்காட்டக் கேக்கக் கூடாதோ?"

கயல் கையிலிருந்த கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

"அண்டைக்கு ஆர் போன் அடிச்சது தெரியுமோ?" என்றான். "நான். ஆஸ்பத்திரி வாசல்ல பெரியப்பான்ர போன். அக்கான்ர நம்பர் எனக்குத்தான் மனப்பாடம். அடிக்கிறன், எடுக்குறா இல்லை. ஒழுங்கா அடியடா எண்டு பெரியப்பா பேசுறார். திரும்ப அடிக்கிறன். நம்பரைப் பிழையா அடிக்கிறன் போல எண்டு அழுதழுது அடிச்சன். இவ்வளவு வருசமும் நான்தான் பிழையா அடிச்சனோ எண்டு ஒரு யோசினை. சார்ஜ் இல்லை எண்டது என்னைத் தேற்ற அக்கா சொன்ன பொய் எண்டு நினைச்சன்."

ரயில் வரும் காற்று அடித்தது. அவன் அதற்குள் சொல்லி முடிக்க விரும்பினவனாக வேகமாகச் சொன்னான்.

"இன்னொண்டும் இருக்கு. அப்பா அப்ப செத்திருக்கேல்லை. அக்கான்ர குரலைக் கேக்கோணும் எண்டவர். அதுக்குத்தான் அடிச்சது. அக்கா அங்க தனிய இருக்கிறா, தாங்கமாட்டா எண்டு எல்லாரும் சேந்து அவவுக்கு மாத்திச் சொன்னனாங்கள், அப்பா போனபிறகுதான் எடுத்தனாங்கள் எண்டு. அவவுக்கு இண்டைக்கும் தெரியாது. தெரியவும் கூடாது."

"நான் சொல்ல மாட்டேங்க."

"ஓம்" என்றான். நம்பியதாகத் தெரியவில்லை. நம்புவதற்கு அவள் ஒன்றும் மிச்சம் வைத்திருக்கவுமில்லை.

ஜாறி ஸ்டேஷன் வரை இருவரும் எதிரெதிர் இருக்கையில் வந்தார்கள். வீட்டுக்கு முன்னால் வெளிப்படிக்கட்டின் அடியில் அவன் நின்றுகொண்டான்.

"நீங்கள் முதல் போங்கோ. நீங்கள் அங்க சொன்னதை நான் கேட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. நான் போய்ச் சொன்னால் உங்களைக் கோள் சொன்ன மாதிரி வரும். அவ இறங்கி வந்தால் வரட்டும். வராட்டி நான் பஸ்ஸுக்குப் போறன்."

மூன்று மாடி. இரும்புப் படிகள் ஒவ்வொன்றும் சத்தம் போட்டன. திரும்பி ஓடிவிடலாம் என்று இரண்டாம் மாடியில் நின்று யோசித்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கதவைத் திறந்ததும் தேங்காய்ப்பால் வாசனை. அஜந்தா கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நல்ல சேலை உடுத்திருந்தாள், தம்பிக்காக.

"வந்திட்டீரே! எப்பிடி உங்கட ஆளில்லா நாடகம்?"

கயல் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே சொன்னாள். ரகசியம் தேடியது, கிடைக்காதது, எடுத்தது, சொன்னது, தம்பி வேடத்தில் இருந்தவன் யார் என்பது. எதையும் மெழுகவில்லை. பிறகு கற்பனை என்று புளுகியதையும் சொன்னாள்.

அஜந்தாவின் அகப்பை நின்றது. முகத்தில் கோபத்தைத் தேடினாள் கயல். கோபம் இருந்தால் பிடித்துக்கொண்டு அழலாம். அது இல்லை.

"எத்தினை பேர் இருந்தவை?"

"என்னோட எட்டுப் பேர்க்கா."

"எல்லாரும் கேட்டவையே?"

"ம்."

"கை தட்டினவையே?"

"ஆமாக்கா."

"எனக்கு அண்டைக்கும் கை தட்டினவை" என்றாள் அஜந்தா. "கேக் வெட்டேக்குள்ள." அடுப்பைத் தணித்தாள். "அவன் எங்க?"

"கீழ. படிக்கட்டுல நிக்கறாரு."

"என்ன சொன்னவன்? வேற ஏதும் சொன்னவனோ?"

கண்ணுக்கு நேரே கண். அத்தனை ஆண்டுகளாக ஒரு குடும்பமே பொத்திவைத்த வார்த்தை கயலின் நாக்கு நுனியில் இருந்தது. இன்றைக்கு அவள் சொன்ன உண்மைகளிலும் பொய்களிலும் ஒன்றுகூட மற்றவருக்காகச் சொன்னதில்லை.

"இல்லக்கா. வேற ஒண்ணும் சொல்லல."

அஜந்தா அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். இனி அவள் எதைச் சொன்னாலும் அப்படித்தான் பார்ப்பாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கதவுப்பக்கம் நடந்தாள். கோட் போடவில்லை. செருப்பும் போடவில்லை.

"கறியைப் பாரும். அடிப்பிடிச்சிடும்" என்றாள், திரும்பாமலே. அதே குரலில் தொடர்ந்தாள்: "அடுத்த மாசத்துக்கு வேற அறை பாரும், பிள்ளை."

கதவு மூடிக்கொண்டது. இரும்புப் படிகளில் வெறுங்கால் இறங்கும் ஓசை முதலில் மெல்ல, பிறகு வேகமாக. "சின்னவன்!" என்று ஒரு குரல். பதில் குரல் ஒன்று, தடித்து, உடைந்து. அழுகையா, சண்டையா, இரண்டுமா என்று மேலிருந்து பிரிக்க முடியவில்லை. சன்னல் கொஞ்சம் திறந்தே இருந்தது.

கயல் சன்னலை இழுத்துச் சாத்தினாள். அப்படியும் கேட்டது. அடுப்புக்கு மேலிருந்த புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் போட்டாள். அது பேரிரைச்சலோடு சுற்றத் தொடங்கியது. கோட்டும் சப்பாத்துமாக அங்கேயே நின்று, அகப்பையை எடுத்து, கறியைக் கிளறினாள்.